ஊராட்சித் தலைவரா, ஒன்றிய கவுன்சிலரா?

தமிழ்நாட்டு ஊரக உள்ளாட்சித் தேர்தலில் முதன்முறை நிற்க நினைப்பவர், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் யோசிப்பார்.

பல ஊராட்சிகள் சேர்ந்த ஊராட்சி ஒன்றியத்தின் கவுன்சிலருக்குப் பச்சை நிற வாக்குச்சீட்டு. கட்சிச் சின்னம் உண்டு. இரட்டை இலையோ உதயசூரியனோ, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பூத் ஏஜென்ட், வண்டி, நோட்டீஸ் எல்லாம் கட்சி பார்த்துக்கொள்ளும். ஆனால் கட்சி வேட்பாளராகச் சீட் வாங்க ஒன்றியச் செயலாளரின் தயவு வேண்டும். ஜெயித்த பிறகும், ஒன்றியக் குழுத் தலைவர் தேர்வில் கட்சி சொல்பவருக்கே ஓட்டுப் போட வேண்டும்.

ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டு. இங்கே கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவியோ ஆட்டோவோ, மாநிலத் தேர்தல் ஆணையம் ஒதுக்கிய சின்னத்தைச் சில நாட்களில் வீடு வீடாகப் பதியவைக்க வேண்டும். கட்சிகள் மறைவாக ஆள் நிறுத்துவது ஊரறிந்த விஷயம். இருந்தாலும் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் ஓடியவரை மக்கள் முகம் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள். ஜெயித்தால் கிராம சபைக்குத் தலைமை, துணைத்தலைவரோடு சேர்ந்து காசோலையில் கையெழுத்து.

என்னைக் கேட்டால் ஊராட்சித் தலைவர்தான், குறிப்பாகப் பெண்களுக்கு. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 2016 திருத்தத்தால் 50 சதவீத இடம் அவர்களுக்கு உண்டு. அந்த இடத்தில் கணவரை உட்காரவைக்காமல், ஜெயித்த பெண்ணுக்கே வரவு செலவு கற்றுத் தருவதுதான் கட்சிகள் செய்ய வேண்டிய உதவி.