குளிர்கால ஹைபிரிட் மைலேஜ்: பிளாக் ஹீட்டரா, கிரில் மறைப்பா?

குளிரில் மைலேஜ் குறைவது எல்லா வண்டிக்கும் உள்ளதுதான். பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிடுக்கு மட்டும் கூடுதலாக ஒரு தொல்லை: இன்ஜின் சூடேறும் வரை அணையவே அணையாது. சிக்னலில் நிற்கும்போதும் பெட்ரோல் எரிந்தால் ஹைபிரிட் வாங்கியதற்கு என்ன பலன்? இதற்கு கிரில் மறைப்பு (வண்டியின் முன்பக்கக் காற்றுத் திறப்பை அடைப்பது), பிளாக் ஹீட்டர் (நிற்கும் வண்டியின் இன்ஜினை மின்சாரத்தால் சூடேற்றும் கருவி) இரண்டையும் பார்த்துவிட்டேன். என் ஓட்டு ஹீட்டருக்கே.

கிரில் மறைப்பில் செலவே இல்லை. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் நுரை உறையை கிரில் பட்டைகளில் மாட்டினால் வேலை முடிந்தது. குளிர்காற்று உள்ளே அடிக்காததால், ஏறிய சூடு நெடுஞ்சாலையிலும் இறக்கத்திலும் சீக்கிரம் இறங்காது. ஆனால் சூடு முதலில் ஏற வேண்டுமே! இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் என்ற வெப்ப வால்வு மூடியே இருக்கும், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டர் பக்கமே போகாது. ஆகவே கிளம்பிய முதல் சில நிமிடங்களில் இந்த மறைப்பால் பெரிய உதவி இல்லை. வெயில் ஏறினால் மறக்காமல் கழற்றவும் வேண்டும்.

அந்த முதல் நிமிடங்கள்தான் எனக்கு முக்கியம். என் ஓட்டம் பெரும்பாலும் குறுந்தூரம். இன்ஜின் சூடாவதற்குள் போகும் இடமே வந்துவிடும். டொயோட்டாவின் ஹைபிரிடான இரண்டாம் தலைமுறை பிரியஸில் கூலன்ட் சுமார் 70 டிகிரியை எட்டிய பிறகே இன்ஜின் தாராளமாக அணைந்து எழும். 0 டிகிரியிலிருந்து அங்கே போவதும், ஹீட்டரால் முன்பே 30க்கு ஏறியிருந்தால் அங்கிருந்து போவதும் ஒன்றல்ல. டொயோட்டாவும் வட அமெரிக்காவில் விற்ற அந்தத் தலைமுறை கார்களில் சூடான கூலன்டைச் சேமிக்கும் ஃபிளாஸ்க்கை வைத்தது. 2010 மாடலில் புகைபோக்கியின் வெப்பத்தைக் கூலன்டுக்குத் திருப்பியது.

ஹீட்டர் 400 வாட். டைமர் போட்டு, கிளம்புவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பு ஓடவிட்டால் ஒரு யூனிட் மின்சாரம். இரவு முழுக்க விட்டால் வீண். ஓரளவு சூடான பிறகு ஏறும் வெப்பம் ஏறிய வேகத்திலேயே வெளியேறிவிடும். ஹீட்டர் போட்டாலும், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சூடாக்க இன்ஜின் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் ஓடத்தான் செய்யும். ஆனால் அதன்பின் வரும் முதல் சிக்னலிலேயே அணைந்துவிடும் வாய்ப்பு அதிகம். கேபின் ஹீட்டரைச் சற்றுப் பொறுத்துப் போட்டால் இன்னும் நல்லது. அது கூலன்டின் சூட்டைத்தான் உறிஞ்சுகிறது. அதுவரை சீட் ஹீட்டர் போதும்.

வண்டி நிற்கும் இடத்தில் பிளக் இல்லாதவர்களுக்கு கிரில் மறைப்புதான் வழி. கடுங்குளிரில், அதாவது மைனஸ் 20க்குக் கீழே, நான் ஓட்டியதில்லை. அங்கே இரண்டுமே தேவைப்படலாம். நீண்ட பயணங்களுக்கு நானும் கிரில்லில் ஒரு பகுதியை மறைக்கிறேன். முழுவதும் மூடுவதில்லை. மோட்டாருக்கான மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டருக்கும் காற்று வேண்டும். மறைத்த நாட்களில் ஓபிடி ரீடரில் (வண்டியின் கணினித் தகவலைக் காட்டும் கருவி) கூலன்ட் வெப்பநிலை மேல் ஒரு கண் வைத்துக்கொள்கிறேன்.