கையொப்பத்துக்கு முன்: விமான விபத்து நட்டஈட்டுக்கான வழிகளை மலையகக் குடும்பத்தின் இடத்திலிருந்து ஒப்பிடுதல்

மஸ்கெலியாவிலிருந்து நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் போகும் விருந்தாளிக்கு ஏழு கன்னியர் மலையைக் காட்டுகிறவர்கள், 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு அதில் மோதிய விமானத்தைப் பற்றியும் சொல்லாமல் விடுவதில்லை. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்து கட்டுநாயக்காவில் இறங்கவிருந்த, நெதர்லாந்தைச் சேர்ந்த மார்ட்டினேர் நிறுவனத்தின் டிசி-8 விமானம் அது. அதிலிருந்த 191 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இறந்த பயணிகள் இந்தோனேசியர், நிறுவனம் நெதர்லாந்தினுடையது, விமானத்தைச் செய்தது அமெரிக்கா, பயணம் சவூதி அரேபியாவுக்கு, விழுந்த இடம் எங்கள் மலை. இப்படி ஐந்து நாடுகள் சம்பந்தப்பட்ட விபத்தில் நட்டஈட்டு வழக்கை எங்கே தொடுப்பது என்று கேட்டால், விழுந்த இடத்தில்தானே என்று பலர் நினைப்பார்கள். ஆனால் பயணியின் மரணத்துக்காக விமான நிறுவனத்தின் மீது தொடுக்கும் வழக்கில், விபத்து நடந்த நாடு என்பதற்காக மட்டும் அந்நாட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம் வருவதில்லை. அதை முடிவுசெய்வது பெரும்பாலும் பயணச்சீட்டுதான்.

இன்று அதே கேள்வி மலையகத்துக்கு மறுதிசையிலிருந்து வருகிறது. தோட்டங்களிலிருந்து சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் வான்வழியில் உயிரிழந்தால் லயன் வீட்டிலிருக்கும் குடும்பத்தின் முன் பல வழிகள் வைக்கப்படும்: விமான நிறுவனமும் அதன் காப்புறுதியாளரும் தரும் சமரசத் தொகை, இலங்கை நீதிமன்றம், வளைகுடா நாட்டு நீதிமன்றம், அமெரிக்கச் சட்ட நிறுவனத்தின் மூலம் விமானத் தயாரிப்பாளர் மீதான வழக்கு. சட்டத்தரணியைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை என்று குடும்பங்கள் கருதுகின்றன. என் கருத்து வேறு. எந்த நீதிமன்றம் திறந்திருக்கிறது, எந்தக் கையொப்பம் அதை மூடிவிடும் என்ற இரண்டையும் அறிந்த பிறகே சட்டத்தரணியைப் பற்றிய கேள்வி வருகிறது.

விமான நிறுவனத்துக்கு எதிரான எல்லா வழிகளுக்கும் அடிப்படை 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை. இலங்கை 2019 முதல் இதில் ஒரு தரப்பு. வளைகுடா நாடுகள் அதற்கு முன்பே சேர்ந்துவிட்டன. இதன்படி, மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ 151,880 சிறப்பு எடுப்பனவு உரிமை அலகுகள் வரையிலான நட்டத்தில் விமான நிறுவனம் ‘எங்கள் மீது தவறில்லை’ என்று வாதாடித் தப்ப முடியாது. சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கலகான இது, ஏறத்தாழ இரண்டு இலட்சம் அமெரிக்க டொலருக்குச் சமம். 2019 டிசம்பர் 28 முதல் 2024 டிசம்பர் 27 வரை நடந்த விபத்துகளுக்கு 128,821 அலகுகள் என்ற பழைய அளவே பொருந்தும். அதற்கு மேற்பட்ட நட்டத்திலிருந்து விடுபட வேண்டுமானால், தன் பக்கம் கவனயீனம் இல்லை என்றோ, மூன்றாம் தரப்பின் தவறு மட்டுமே காரணம் என்றோ நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டியுள்ளது: இந்தத் தொகை ஒவ்வொரு குடும்பத்துக்கும் தானாக வந்து சேரும் நிலையான தொகையன்று. குடும்பம் தன் நட்டத்தை நிரூபிக்கும் அளவுக்கே பணம் கிடைக்கும், அந்த அளவைக் கணக்கிடுவது வழக்கை ஏற்கும் நாட்டின் சட்டம்.

வழக்குத் தொடரக்கூடிய இடங்கள் ஐந்து: நிறுவனம் பதிவுபெற்ற நாடு, அதன் தலைமை வணிக இடம், பயணச்சீட்டு ஒப்பந்தம் செய்யப்பட்ட அலுவலகம் உள்ள நாடு, பயணத்தின் இறுதி இடம், பயணியின் நிரந்தர வதிவிடம். கடைசி வழிக்கு, அந்த நிறுவனம் வதிவிட நாட்டுக்குச் சேவை நடத்துவதும் அங்கே வணிக இடம் வைத்திருப்பதும் தேவை. கூட்டு ஒப்பந்தமுள்ள இன்னொரு நிறுவனத்தின் மூலம் இவற்றைச் செய்தாலும் போதும். தலவாக்கலையிலிருந்து ஒரு பெண் ரியாத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் கொழும்பு - ரியாத் - கொழும்பு என்ற இருவழிச் சீட்டு இருந்தால், இறுதி இடம் கொழும்பு. இலங்கை நீதிமன்றத்தின் அதிகாரத்தை யாரும் மறுக்க இயலாது. ஆனால் முதல் பயணத்துக்குப் பெரும்பாலும் முதலாளியின் செலவில் அங்கிருந்தே வாங்கப்பட்ட ஒருவழிச் சீட்டுதான் வருகிறது. அப்போது இறுதி இடமும் ஒப்பந்த இடமும் சவூதிக்குப் போய்விடுகின்றன. எஞ்சுவது நிரந்தர வதிவிடம் என்ற ஐந்தாவது வழி. இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலை செய்தவரின் நிரந்தர வதிவிடம் எது என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேள்வி எழுப்பலாம். வாக்காளர் இடாப்பு, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ், தோட்டத்தில் தொடர்ந்து வாழும் பிள்ளைகள் ஆகியவை அதற்குப் பதில் சொல்லும். பயணச்சீட்டின் பிரதியை வீட்டில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் நம்மிடையே இல்லை என்பது இங்கேதான் உறுத்துகிறது.

காப்புறுதியாளர் நீட்டும் தாள்

விரைவு என்ற ஒன்றில் சமரசத் தொகை என்ற வழிக்கு நிகர் இல்லை. வருமானம் நின்றுபோன குடும்பத்துக்கு விரைவு சிறிய விடயமன்று. ஆனால் இங்கே இரண்டு வகைப் பணத்தைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது முற்பணம். அதைக் கொடுப்பதால் நிறுவனம் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகாது, பெறுவதால் குடும்பமும் உரிமையை இழப்பதில்லை. இறுதித் தொகையிலிருந்து அது கழிக்கப்படலாம், அவ்வளவுதான். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் நடந்த விபத்துக்குப் பின் எயார் இந்தியா ஒவ்வொரு குடும்பத்துக்கும் 25 இலட்சம் இந்திய ரூபாயை இடைக்கால உதவியாக அறிவித்தது இந்த வகையைச் சேர்ந்தது. இரண்டாவது, ‘எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன’ என்ற விடுவிப்புப் பத்திரத்துடன் வரும் பணம். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிப் படிவங்கள்தான்.

2018 அக்டோபர் 29 அன்று இந்தோனேசியாவில் லயன் எயார் 610 கடலில் விழுந்து 189 பேர் இறந்தபோது, குடும்பங்களிடம் கொடுக்கப்பட்ட விடுவிப்புப் பத்திரங்கள் விமான நிறுவனத்தை மட்டுமின்றித் தயாரிப்பாளரான போயிங்கையும் சேர்த்தே விடுவித்தன. அந்நாட்டு ஒழுங்குவிதியே 125 கோடி ரூப்பியாவை நட்டஈடாக நிர்ணயித்திருக்க, அந்தப் பணத்தைப் பெறவே வழக்குரிமை முழுவதையும் கைவிடும்படி அவர்கள் கேட்கப்பட்டார்கள். விமானத்தின் மென்பொருளில் இருந்த குறை உலகறிய வெளிப்பட்டதோ பிறகுதான். ஆகவே ஒரு பத்திரத்தில் விமான நிறுவனத்தின் பெயரைத் தவிர வேறு பெயர்கள் இருந்தாலும், ‘தயாரிப்பாளர், முகவர், ஏனையோர்’ போன்ற சொற்கள் இருந்தாலும், அதில் அன்றைக்கே கையொப்பமிடக் கூடாது என்பது என் உறுதியான நிலைப்பாடு. சர்வதேச விதிகளின்படி முதற்கட்ட விசாரணை அறிக்கை 30 நாட்களில் வெளிவர வேண்டும். அதையாவது படித்தறிந்த பின்பே விடுவிப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

உள்ளூர் வழக்கு

இலங்கை நீதிமன்றத்தின் பலம், குடும்பம் தன் சட்டத்தரணியை நேரில் பார்த்துத் தமிழில் பேச முடிவதும், சிறுவர்களின் பங்கு பாதுகாக்கப்படுவதும் ஆகும். வழக்கில் சிறுவர் சார்பாகச் சமரசம் செய்ய நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்படுவதால், தாயின் நட்டஈட்டை உறவினர் ஒருவர் வாங்கிச் செலவழித்துவிடும் வாய்ப்பு குறைகிறது. வசதியற்றவர்கள் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு அதன் சேவைக்குக் கட்டணமில்லை. எனினும் அங்கே அதிகம் கையாளப்படுபவை தாபரிப்பு போன்ற குடும்ப வழக்குகள். மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு எதிராக வாதாடும் அனுபவத்தை ஆணைக்குழுவின் கிளை நிலையம் ஒன்றில் எதிர்பார்ப்பது நியாயமாகாது. நிறுவனத்தின் அலுவலகம் கொழும்பில் இருப்பதால் வழக்கும் அங்கேயே நடக்கக்கூடும். ஒவ்வொரு தவணைக்கும் ஹட்டனிலிருந்து இரயில் ஏற வேண்டியிருக்கும்.

பலவீனம் தொகையில் இருக்கிறது. நட்டம் வருமானத்தை வைத்தே கணக்கிடப்படுவதால், இறந்தவரின் தோட்டச் சம்பளத்தை எடுப்பதா, வெளிநாட்டு ஒப்பந்தச் சம்பளத்தை எடுப்பதா என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கும். 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் விபத்துக்குள்ளாகி 158 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவரின் குடும்பத்துக்கு 2020இல் இந்திய உச்ச நீதிமன்றம் 7.64 கோடி ரூபாய் வழங்கியது. இந்த எண்ணைக் காட்டி நம்பிக்கையூட்டுகிறவர்கள், இறந்தவர் ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஒரு நிறுவனத்தின் உயர்பதவியில் இருந்ததையும், தீர்ப்பு வரப் பத்து ஆண்டுகள் ஆனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டுப் பணிப்பெண்ணின் குடும்பம் அதே அளவை எதிர்பார்க்க முடியாது. ஆனால் பணம் அனுப்பிய வங்கிச் சீட்டுகளையும் வேலை ஒப்பந்தத்தையும் பத்திரப்படுத்திய குடும்பம், அவை இல்லாத குடும்பத்தைவிட நிச்சயமாக அதிகம் பெறும்.

வளைகுடா நீதிமன்றத்தைப் பற்றி நீளமாக எழுத அவசியமில்லை. அரபு மொழி, அங்கே இருந்தாக வேண்டிய சட்டத்தரணி, இங்கிருந்து கொடுக்க வேண்டிய அற்றோணித் தத்துவம் ஆகிய மூன்றும் சேர்ந்து, வேறு வழியே இல்லாதபோது மட்டும் எண்ணிப்பார்க்க வேண்டிய வழியாக அதை ஆக்கிவிடுகின்றன.

கடல்கடந்த சட்ட நிறுவனம்

‘முன்பணம் வேண்டாம், வென்றால் மட்டும் கட்டணம்’ என்பது அமெரிக்க நிறுவனங்களின் அழைப்பு. அங்கே கிடைத்த தொகையில் மூன்றில் ஒரு பங்கு அளவு கட்டணமாகப் போவது வழக்கம், செலவுகள் தனி. தயாரிப்பாளரின் குறை தெளிவாகத் தெரியும் விபத்தில் இந்த வழிக்கு ஈடு இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். லயன் எயார் விபத்தும் 2019 மார்ச் 10 அன்று நடந்த எதியோப்பிய விமான விபத்தும் மொத்தம் 346 பேரைப் பலிகொண்ட பின், 2021 ஜனவரியில் அமெரிக்க அரசுடன் போயிங் செய்த உடன்பாட்டில் வாரிசுகளுக்கென்று 50 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. குடும்பங்களின் தனி வழக்குகள் இதற்குப் புறம்பானவை.

ஆனால் அமெரிக்க நீதிமன்றத்தின் வாசல் எப்போதும் திறந்திருப்பதில்லை. ஸ்கொட்லாந்தில் விழுந்த ஒரு சிறிய விமானம் தொடர்பாக 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு முதல், ‘வழக்கை நடத்தப் பொருத்தமான இடம் வேறு’ என்று சொல்லி வெளிநாட்டவரின் வழக்குகளைத் திருப்பியனுப்புவது தயாரிப்பாளர்களின் வழமையான வாதமாகிவிட்டது. பணம் வழியிலேயே மறையும் ஆபத்தும் உண்டு: லயன் எயார் குடும்பங்கள் சிலவற்றுக்குப் போயிங் கொடுத்த சமரசப் பணம், அவர்களுக்காக வாதாடிய புகழ்பெற்ற கலிபோர்னியச் சட்டத்தரணியிடம் போய் நின்றுவிட்டது 2020இல் சிகாகோ நீதிமன்றத்தில் அம்பலமானது. அமெரிக்காவில் நடக்கும் விமான விபத்துகளில், 45 நாட்கள் வரை சட்டத்தரணிகள் அழைக்கப்படாமல் குடும்பங்களை அணுகக் கூடாதென்று சட்டமே இருக்கிறது. தோட்டத்துக்கு இடைத்தரகரை அனுப்பும் நிறுவனம் தன் ஊரில் செய்ய முடியாததை இங்கே செய்கிறது என்றே கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவுசெய்து போனவர்களுக்குரிய காப்புறுதி இந்த வழிகளுக்குப் போட்டியன்று. அதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். விமானச் சிதைவு விழுந்து தரையில் இறந்தவர்களோ மொன்றியல் உடன்படிக்கைக்குள் வரவே மாட்டார்கள்; அவர்களுக்குரிய சட்டவழி வேறு.

இவற்றை எடைபோட்டால் என் தெரிவு இதுதான்: விடுவிப்பு இல்லாத முற்பணத்தை உடனே பெறலாம், ஊர்ச் சட்டத்தரணி ஒருவரை ஆவணங்களுக்கும் வதிவிட நிரூபணத்துக்கும் அமர்த்தி, இலங்கையில் வழக்கைப் பதிந்துவிட வேண்டும், முதற்கட்ட அறிக்கை தயாரிப்பாளரை நோக்கினால் மட்டும், அந்தச் சட்டத்தரணியின் மூலமாகவே அமெரிக்க நிறுவனத்துடன் எழுத்தில் பேச வேண்டும். இறுதி அறிக்கை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விமானம் வந்துசேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் விமான நிறுவனத்தின் மீது வழக்குத் தொடராவிட்டால் உரிமையே அற்றுப்போகும். 2014 மார்ச் 8 அன்று காணாமற்போன மலேசிய எம்எச் 370 விமானத்தின் பயணிகளுடைய குடும்பங்கள் பல, உடலோ பிரதான சிதைவோ கிடைக்காத நிலையிலும் 2016 மார்ச்சுக்குள் வழக்குகளைப் பதிந்தது இந்தக் கெடுவினால்தான்.

எங்கள் பக்கத்தில் அந்த இரண்டு ஆண்டுகளை அதிகம் தின்பது நீதிமன்றமன்று, கடதாசி. பிறப்புச் சான்றிதழில் ‘இராமாயி’, அடையாள அட்டையில் ‘ராமாய்’, கடவுச்சீட்டில் ஏஜென்சிக்காரர் எழுதிய மூன்றாவது எழுத்துக்கூட்டல். கோவிலில் தாலி கட்டிப் பதிவுசெய்யாத திருமணம். தகப்பன் பெயர் இல்லாத பிள்ளையின் பதிவு. இறந்தவரும் இவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து, பதிவாளரிடம் திருத்தம் பெற்று, ஆங்கில மொழிபெயர்ப்பையும் உறுதிப்படுத்தி முடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஆகவே செய்தி வந்த வாரத்திலேயே பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டியவர் ஒருவரைக் குடும்பம் தீர்மானித்துக்கொள்வது நல்லது. காப்புறுதியாளரின் ஆள் அந்த வாரத்திலேயே வந்துவிடக்கூடும்.