ஊட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கடை: மாடல் நம்பரைக்கூட எழுதித் தர மாட்டார்கள்

கோத்தகிரியில் வீட்டில் இருந்தபடியே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். பச்சைத் தேயிலை எடுக்கும் ஏஜென்ட்டுகள், மளிகைக் கடைகள், ஒரு ஹார்டுவேர் கடை என்று பல பேருடைய டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) என் கையில் இருக்கிறது. மாதம் 11-ஆம் தேதிக்குள் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் வரி கட்டும் 3பி என்று ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும். தேதி தப்பினால் அபராதம் கட்டுவது என்னை நம்பியிருக்கும் கடைக்காரர்தான். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு பாதுகாப்பு அப்டேட் உட்பட மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. என் டெஸ்க்டாப்பில் இருப்பது இன்டெல் பிராசஸர், நாலாவது ஜெனரேஷன். எட்டாவதுக்குக் கீழே இருந்தால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அடுத்தவர்களுடைய பேங்க் விவரமும் பாஸ்வேர்டும் இருக்கிற மெஷினை அப்படியே ஓட்ட மனசு வரவில்லை. லேப்டாப் வாங்கிவிடலாம் என்று கட்டபெட்டு வழியாக பஸ் பிடித்து ஊட்டி போனேன். சேரிங்கிராஸ் பக்கம் உள்ள பெரிய கடை, பெயரை இங்கே போடவில்லை.

ஆன்லைனில் ஏன் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். மலையில் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டாயிரம், மூவாயிரம் கூடப் போனாலும் பரவாயில்லை, ஏதாவது ஆனால் போய்க் கேட்க ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த ஆளுக்காகத்தான் கூடுதல் விலை கொடுக்கிறோம். இந்தக் கடையில் அந்த ஆளே இல்லை.

கவுன்ட்டரில் இருந்த பையன் ஒரு லேப்டாப்பைக் காட்டி, "இது நல்லா போகும்க்கா" என்றான்.

"என்ன பிராசஸர் தம்பி?"

"ஐ5 க்கா."

"ஐ5-ல எது? நம்பர் சொல்லுங்க."

"லேட்டஸ்ட்தான்க்கா."

இன்டெல்லின் ஐ5 என்றால் ஒரே பிராசஸர் இல்லை. 1235யு என்றால் பன்னிரண்டாவது ஜெனரேஷன், 1335யு என்றால் பதிமூன்றாவது. முதல் இரண்டு எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ரேம் போர்டிலேயே பற்றவைத்ததா, பின்னால் கூட்ட ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டேன். உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, "எல்லாம் இருக்குக்கா" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் ஓனர் ஒன்று சொன்னார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை: "ஜிஎஸ்டி குறைஞ்சதைக் கழிச்சுதான் மேடம் இந்த ரேட்." 2025 செப்டம்பர் 22-இல் 28-இலிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கியது ஏசி, பெரிய டிவி மாதிரி சாமான்களுக்கு. லேப்டாப்புக்கு அதற்கு முன்னாலும் 18 தான், இப்போதும் 18 தான். தினமும் இதே வேலையாக இருக்கிறவளிடமே இப்படிச் சொன்னால், பிள்ளைக்கு காலேஜ் லேப்டாப் வாங்க தோட்ட வேலைக் காசைச் சேர்த்து எடுத்து வருகிறவர்களிடம் என்னவெல்லாம் சொல்வார்கள்?

பில் வேண்டாம் என்றால் ஆயிரத்து ஐந்நூறு குறைத்துத் தருவதாகவும் சொன்னார். பில் இல்லாவிட்டால் வாரண்டிக்கு எதைக் காட்டுவது? சர்வீஸ் யார் செய்வார்கள் என்று கேட்டதற்கு, "கம்பெனி நம்பருக்குப் போன் பண்ணுங்க, இல்லன்னா கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டர்ல கொடுத்துடுங்க" என்று பதில் வந்தது. மேட்டுப்பாளையம் இறங்கி அங்கிருந்து கோயம்புத்தூர் போவதாக இருந்தால் இவருக்கு எதற்குக் கூடுதல் விலை?

இருந்தாலும் 20-ஆம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. 1335யு, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி வரவழைத்துத் தருகிறோம் என்றார்கள். கொட்டேஷன் கேட்டேன். "ஐ5 லேப்டாப் - 1" என்று எழுதி, பக்கத்தில் தொகை. மாடல் நம்பர் இல்லை. "அதெல்லாம் போடற வழக்கம் இல்ல மேடம், நம்பிக்கைதான்" என்றார் ஓனர். நம்பர் எழுதாமல் பணம் தரமாட்டேன் என்று நின்றேன். கடைசியில் ஐயாயிரம் அட்வான்ஸ் ரசீதின் அடியில் பிராசஸர் நம்பரும் ரேம் அளவும் எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார்கள்.

சரக்கு வந்துவிட்டது என்று போன் வந்ததும் போனேன். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தேன். மாடல் நம்பர், எம்ஆர்பி, இறக்குமதியான மாதம், எல்லாம் அதில் அச்சாகியிருந்தன. 1235யு, 8 ஜிபி என்று போட்டிருந்தது. ரசீதைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணுதான் மேடம், ரெண்டுலயும் பத்து கோர்" என்றார். பத்து கோர் (பிராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதி) என்பது உண்மை. ஆனால் விலை பேசியது பதிமூன்றாவது ஜெனரேஷனுக்கு. ரேம் பாதிதான் இருக்கிறதே என்றதற்கு, "ரேம் விலை ஏறிப்போச்சு, மீதியத் தனியா காசு கொடுத்துப் போட்டுக்குங்க" என்றார். ரேம் விலை ஏறியிருப்பது எனக்கும் தெரியும். அதை அட்வான்ஸ் வாங்கும்போது சொல்லியிருக்க வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "அட்வான்ஸ் திருப்பற பழக்கம் இல்ல, அந்தத் தொகைக்கு வேற ஏதாவது எடுத்துக்குங்க." தலைக்கு மேலே "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று போர்டு வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. குறையுள்ள பொருளை பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராமல் விற்பதும் அப்படித்தான். நான் பொருளை வாங்கவே இல்லை, அட்வான்ஸ் மட்டும்தான் கொடுத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசிப் புகாரைப் பதிந்தேன். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மனுக் கட்டணமே கிடையாது. இதையும் புகார் எண்ணையும் ரசீதின் போட்டோவையும் சேர்த்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஐயாயிரமும் ஜிபேயில் வந்துவிட்டது. ஒரு வார்த்தை வருத்தம் வரவில்லை.

லேப்டாப்பைக் குன்னூரில் ஒரு சின்னக் கடையில் வாங்கினேன். அங்கே விலை கொஞ்சம் அதிகம்தான். அவர் பெட்டியை என் கண் முன்னாலேயே பிரித்து, டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து, இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி என்பதை விரல் வைத்துக் காட்டினார். பில்லில் சீரியல் நம்பர்வரை எழுதினார். மழை மாதங்களில் வாரக்கணக்கில் பீரோவுக்குள் பூட்டி வைக்காதீர்கள், ஈரம் ஏறும் என்று கேட்காமலே சொன்னார்.

ஊட்டிக் கடைக்கு ஐந்தில் ஒரு ஸ்டார். மவுஸ், கேபிள், பிரின்டர் இங்க் போலக் கையில் பார்த்து எடுக்கிற சாமான் அங்கே நியாயமான விலைக்கே கிடைக்கிறது. கம்ப்யூட்டர் வாங்க மட்டும் போகாதீர்கள். வேறு எந்தக் கடைக்குப் போனாலும் பிராசஸரின் முழு நம்பரையும் ரேம் அளவையும் ரசீதில் எழுதி வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.