ஆடத் தெரியாதவளும் கோணல் கூடமும்

வீட்டிலேயே காபிக்கொட்டை வறுக்க இயந்திரம் வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். எனக்கு வறுக்கத் தெரியவில்லை என்று இரண்டு மாதம் என்னையே நொந்துகொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், இந்த இயந்திரத்தில் யாராலும் வறுத்திருக்க முடியாது.

வாங்கியது சின்ன டிரம் ரோஸ்டர், சுழலும் உருளைக்குள் கொட்டையைப் புரட்டி வறுப்பது. விளம்பரத்தில் என்னென்னவோ போட்டிருந்தார்கள்: புத்தம் புதியது, ஒரு தடவைக்கு 500 கிராம், பொத்தானை அழுத்தினால் போதும், பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம், ஓராண்டு உத்தரவாதம். கூடவே இந்த அறுவடையின் பச்சைக்கொட்டை 2 கிலோ இலவசம். பெட்டியைப் பிரித்ததும் கமகமவென்று காபி வாசனை. ஆகா, நல்ல சகுனம் என்று நினைத்தேன். அந்த வாசனைதான் முதல் தடயம் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

முதல் நாள் அவர்கள் சொன்னபடியே 500 கிராம் போட்டேன். 22 நிமிடம் ஆகியும் கொட்டை வைக்கோல் நிறத்தைத் தாண்டவில்லை. ஒரு பக்கம் மட்டும் ஆங்காங்கே கருகல் புள்ளி. திரையோ 218 டிகிரி என்கிறது. கொட்டையின் சூடு 200 டிகிரியை ஒட்டி வரும்போது சோளப்பொரி போலப் படபடவென்று முதல் வெடிப்புக் கேட்கும் என்று படித்திருந்தேன். காதைக் கிட்டே வைத்துக் கேட்டும் சத்தமே இல்லை. ஆறியபின் அரைக்கப் போட்டால் கிரைண்டர் திணறி நின்றுவிட்டது. சரியாக வறுபட்ட கொட்டை நொறுங்கும், இது கல். எப்படியோ பொடித்துக் குடித்தேன். பச்சை வேர்க்கடலையைப் புல்லோடு சேர்த்து மென்றதுபோல இருந்தது.

விற்றவரிடம் கேட்டேன். பதில் ரொம்ப மரியாதையாக வந்தது. “மேடம், வறுவல் ஒரு கலை. பழகப் பழக வந்துவிடும்.”

சாமர்த்தியமே அங்கேதான். அவர் சொன்னது பொய் இல்லை. வறுவல் பழக்கத்தில்தான் வரும். மஞ்சளாகும் நேரம், வெடிப்புக்குப் பிறகு எத்தனை விநாடி விடுவது, எப்போது கொட்டி ஆறவைப்பது எல்லாம் கையும் காதும் மூக்கும் சேர்ந்து கற்றுக்கொள்கிற விஷயம். அதன்பிறகு அவர் சொன்ன ஒவ்வொரு சாக்கும் அப்படித்தான், பாதி உண்மை. வறுத்த உடனே குடிக்காதீர்கள், வாயு வெளியேற 3 நாள் வையுங்கள் என்றார். நிஜமாகவே வைக்கத்தான் வேண்டும். ஆனால் வறுபடாத கொட்டையை 3 மாதம் வைத்தாலும் வறுபடாது. அளவைக் குறையுங்கள் என்றார். 300 கிராமுக்கு இறங்கினேன். (அப்படியானால் 500 என்று ஏன் போட்டீர்கள் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.) உங்கள் வீட்டில் மின்னழுத்தம் குறைவாக இருக்கும் என்றார். அதுவும் இருக்கக்கூடியதுதான், அழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் காயில் (சூடேற்றும் கம்பிச்சுருள்) தரும் வெப்பம் ஏறக்குறைய 19 விழுக்காடு குறைந்துபோகும். சரிபார்த்தேன், அழுத்தம் சரியாகவே இருந்தது. அதைச் சொன்னதும், “இன்னும் நாலைந்து தடவை போட்டுப் பாருங்கள் மேடம்.”

ஒவ்வொரு சாக்குக்கும் ஒரு வாரம் போனது. இடையில் ஒரு நாள், கொட்டையிலிருந்து உரிந்து டிரம்முக்கு அடியில் சேர்ந்த உமி கனன்று புகை கிளம்பியது. பயத்தில் கை மூடிக்குப் போனது, நல்லவேளை, திறக்கவில்லை. திறந்தால் காற்றுப் புகுந்து இன்னும் பற்றிக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடங்கும்வரை மூடியபடியே விட்டேன். வறுக்கும்போது ஒரு நிமிடம்கூட நகரக்கூடாது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். இதற்கும் அதே பதில் வந்தது.

ஏன் அப்போதே திருப்பி அனுப்பவில்லை என்று கேட்பீர்கள். வெட்கம்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று இருந்தது. 34ஆம் நாள்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. 30 நாள் முடிந்துவிட்டது என்று அன்றைக்கு மட்டும் பதில் உடனே வந்தது.

மீதியைக் கண்டுபிடித்தது என் அண்ணன். “நீ வறுக்கிறது இருக்கட்டும்மா, அது எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு முதல்ல பாரு” என்று பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். பின்பக்க ஸ்டிக்கரில் 1200 வாட். மீட்டரில் 600ஐ ஒட்டியே நின்றது. அசையவில்லை.

பின் தகட்டைக் கழற்றினோம். திருகாணிகளின் தலை ஏற்கெனவே தேய்ந்திருந்தது. இரண்டு காயிலில் ஒன்று அறுந்து கிடந்தது. வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள், கொட்டை புரளும் இடத்தில் இல்லாமல் மிச்சமிருந்த காயிலுக்குப் பக்கத்தில் வளைத்துவிடப்பட்டிருந்தது. திரையில் நான் பார்த்த 218 கொட்டையின் சூடே இல்லை. தகட்டுக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்த உமி அப்பியிருந்தது. என் வறுவலில் அவ்வளவு கறுப்பாக எதுவும் வந்ததே கிடையாது. யாரோ ஆழ வறுத்து, காயில் போய், திருப்பிக் கொடுத்த பழைய இயந்திரம் அது. துடைத்துப் புதுப்பெட்டியில் போட்டிருக்கிறார்கள். புது ரோஸ்டரில் மெஷின் எண்ணெய் வாடைதான் அடிக்கும். அது போவதற்கே முதல் ஒன்றிரண்டு வறுவலைக் குடிக்காமல் கொட்டச் சொல்வார்கள். பச்சைக்கொட்டைக்கும் காபி வாசனை கிடையாது. பிரித்ததும் எனக்கு வந்தது இன்னொருவர் வறுத்த வாசனை.

இலவசக் கொட்டையும் அந்த லட்சணம்தான். பச்சை வெளிறி வெள்ளையாக, சாக்கு வாடையோடு இருந்தது. பழைய சரக்கு.

படங்களோடு எழுதினேன். “நீங்களே திறந்துவிட்டீர்கள், உத்தரவாதம் செல்லாது மேடம்.” அதோடு தொடர்பு முடிந்தது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பெட்டி பிரிப்பதை வீடியோ எடுத்துவையுங்கள். டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். முதல் நாளே வாட் மீட்டரை மாட்டுங்கள். எல்லாவற்றையும்விட, தராசை நம்புங்கள். போடுமுன் நிறுங்கள், ஆறியபின் நிறுங்கள். இளவறுவலுக்கே எடையில் 12 விழுக்காட்டுக்கு மேல் குறையும், நடுத்தரத்துக்கு 15ஐ ஒட்டி, ஆழ வறுத்தால் 18க்கும் மேலே போகும். என் குறிப்பேட்டில் அளவைக் குறைத்த நாளிலிருந்தே இருக்கிறது: 300 போட்டேன், 273 வந்தது. வெறும் 9 விழுக்காடு. கொட்டையின் ஈரமே 10, 12 விழுக்காடு இருக்கும். அதுகூட முழுதாகப் போகவில்லை. கண்ணெதிரே எழுதிவைத்துக்கொண்டு கலையைப் பழகிக்கொண்டிருந்திருக்கிறேன்.

காயிலை அண்ணன் மாற்றிக் கொடுத்தார், தெர்மோகப்பிளையும் இடம் மாற்றினார். போன வாரம் புதுக்கொட்டை 250 கிராம் போட்டேன். பத்தாவது நிமிடம் படபடவென்று வெடித்தது. ஆறவைத்து நிறுத்தால் 212. விற்றவர் அதே படத்தோடு, அதே ‘புத்தம் புதியது’ என்ற வரியோடு இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்.