திரும்ப மறுக்கும் குதிரைக்கு ஃபுல் சீக் ஸ்னாஃபிள்

ஃபுல் சீக் ஸ்னாஃபிள் என்பது, இரு ஓரங்களிலும் மேலும் கீழும் நீளும் கன்னக் கம்பி வைத்த பிட், அதாவது கடிவாளத்தில் குதிரையின் வாய்க்குள் போகும் உலோகத் துண்டு. வலது வாரை இழுத்தால் பிட் வாய்க்குள் நழுவாது. இடப்பக்கக் கம்பி கன்னத்தில் பட்டு, முகத்தை வலப்பக்கம் தள்ளும். புதிதாகப் பழகும் குதிரைக்கு இந்த ஒரு வசதிக்காகவே வாங்கலாம். வாய்க்குள் இருக்கும் தண்டில் ஒற்றை மூட்டைவிட, நடுவில் சிறு குமிழ் வைத்த இரட்டை மூட்டு நல்லது. இரு வாரையும் ஒருசேர இழுக்கையில் ஒற்றை மூட்டு பாக்குவெட்டி மாதிரி நாக்கை நெரிக்கும்.

அளவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாய்க்குள் நூல் விட்டு, உதட்டு ஓரங்களுக்கிடையே அளந்து, பக்கத்துக்கு 3 மி.மீ. கூட்டுங்கள். அகலம் மிஞ்சினால் மூட்டு ஒருபக்கம் சரிந்து, சைகை குழம்பும். தடிமன் 14 மி.மீ. போதும், தடித்தால் மென்மை என்பது சின்ன வாய்க்குப் பொருந்தாது.

குறை: கம்பியின் மேல் முனையை, பிட்டைத் தாங்கும் கன்னவாரோடு பிணைக்கும் தோல் வளையத்தைத் தனியாக வாங்க வேண்டிவரும். அது இல்லாவிட்டால் கம்பி சாய்ந்து வலையிலோ வேலியிலோ மாட்டும்.

தலையை உதறினால் பிட்டை மாற்றுமுன் கால்நடை மருத்துவரிடம் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். முள் கடிவாளம் வேண்டவே வேண்டாம். பாரம் இழுக்கும், சுமக்கும் விலங்குகளுக்கு அதை இந்தியாவின் 1965 விலங்குவதைத் தடுப்பு விதிகளே தடுக்கின்றன.