பன்னிரண்டு பருவங்கள், மூன்று தோட்டாக்கள்: கொலராடோ எல்க் வேட்டையில் என் அனுபவம்

கொலராடோவின் வடமேற்கில், மீக்கர் ஊருக்குக் கிழக்கே இருக்கும் ஃபிளாட் டாப்ஸ் மலைப்பகுதியில் 2013 முதல் 2024 வரை பன்னிரண்டு வேட்டைப் பருவங்கள் எல்க் என்னும் பெரிய மானைத் தேடி நடந்திருக்கிறேன். முதல் நான்கு பருவங்களில் என் தோளில் இருந்தது .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவுக்கான துப்பாக்கி. அதற்குப் பின் இன்றுவரை .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு. 2019 முதல் உடன் வரும் என் மனைவி 6.5 கிரீட்மூர் வைத்திருக்கிறார். ஒவ்வொரு கோடையிலும் புதிதாக உரிமம் எடுக்கும் நண்பர்கள் யாராவது அழைத்து, "அண்ணே, எந்தத் தோட்டா வாங்கலாம்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டதால், அவர்களுக்குத் தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். பேச்சில் தோட்டாவையும் குண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. விலங்கைச் சென்று தைப்பது குண்டு மட்டுமே. குண்டின் எடையைக் கிரெய்ன் கணக்கில் சொல்வார்கள். 180 கிரெய்ன் என்பது 11.7 கிராம், அதாவது ஒன்றரைப் பவுன் நகைக்குச் சற்றுக் குறைவு. வாங்கப் போகிறவர்கள் தோட்டாவின் பெயரைப் பற்றி மாதக்கணக்கில் விவாதித்துவிட்டு, குண்டைக் கடைசி நிமிடத்தில் கடைக்காரர் கையில் விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

எல்க் என்பது நம் ஊர்க் கடமானின் பெரிய தாயாதி என்று வைத்துக்கொள்ளலாம்; இலங்கையில் இருந்த ஆங்கிலேயர்கள் அங்கத்திய மரையையே எல்க் என்று அழைத்ததும் உண்டு. ராக்கி மலைகளில் வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும், பெண் 225 கிலோ அளவில் இருக்கும். தோள் எலும்பு தடித்தது, தோலும் சதையும் கனமானவை. நுரையீரலில் சரியாகத் தைத்தாலும் நின்ற இடத்திலேயே விழ வேண்டும் என்ற கட்டாயம் அதற்கில்லை. நூறு கஜம் ஓடி, இருண்ட ஊசியிலைக் காட்டுக்குள் புகுந்துவிட்டால் தேடுவது நம் பாடு.

மாநிலச் சட்டம் இந்தத் தேர்வில் அதிகம் உதவாது. எல்க்குக்குக் குழல் விட்டம் குறைந்தது 0.24 அங்குலம், குண்டு 85 கிரெய்ன், பட்டதும் விரியும் வகைக் குண்டு, நூறு கஜத்தில் 1000 அடி-பவுண்டு ஆற்றல் என்று கொலராடோ வரையறுத்திருக்கிறது. மான் வேட்டைக்கென்றே பலரும் வாங்கும் சிறிய .243 கூட இந்தக் கோட்டைத் தாண்டிவிடும். எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சொல்: குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அதில் விலக்கு உண்டு. நான் பயிற்சி வகுப்பு முடித்து, உரிமத்தைக் கையில் வாங்கிய பிறகே கடைப்படி ஏறினேன்.

.300 வின்செஸ்டர் மேக்னத்தை ஏன் வாங்கினேன் என்று கேட்டால், மேக்னம் என்ற சொல்லுக்காகத்தான். 1963-இல் வந்த இந்தத் தோட்டா, 180 கிரெய்ன் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 2960 அடி வேகத்தில் அனுப்புகிறது. குழல்முனையில் 3500 அடி-பவுண்டு ஆற்றல். எல்க் சாகத் தயங்கும் விலங்கு, ஆகவே கூடுதல் பலம் வீண்போகாது என்று நினைத்தேன். முதல் பருவத்திலேயே 120 கஜத்தில் ஒரு பெண் எல்க் விழுந்தது. அதே பருவத்தில் சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைத்து, அதன் மேலிருந்த ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) விளிம்பு என் வலது புருவத்தின் மேல் பிறை வடிவத்தில் கிழித்தது. கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு இறைச்சி சுமந்தேன். இரண்டாம் பருவம் வெறுங்கை. மூன்றாம் பருவத்தில், 2015-இல், 210 கஜத்தில் பக்கவாட்டில் நின்ற ஆண் எல்க்கைச் சுட்டேன். அது முதுகைக் கூனிக்கொண்டு ஓடியது. இரத்தத் துளிகள் முந்நூறு கஜம் தெரிந்தன, பிறகு காணவில்லை. ஒன்றரை நாள் தேடியும் கிடைக்கவில்லை. அந்த வருடம் அதன் பின் நான் துப்பாக்கியை எடுக்கவில்லை.

பழுது தோட்டாவில் இல்லை, என்னிடம்தான் என்பதை அடுத்த வசந்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் காட்டினார். மாட்டுப்பண்ணை வைத்திருந்து ஓய்வு பெற்ற பெரியவர். சுடுதளத்தில் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு முறையும் அவரே துப்பாக்கியில் தோட்டாவை இட்டுக் கொடுத்தார். சில முறை நல்ல தோட்டா, சில முறை சுட்டு முடித்த வெற்றுக் கூடு. மூன்றாவது முறை விசையை அழுத்தியபோது டிக்கென்ற ஒலி மட்டும் வந்தது, வெடிக்கவில்லை. ஆனால் குழல்முனை நான்கு விரற்கடை தாழ்ந்தது, என் கண் இறுக மூடியிருந்தது, இடது தோள் முன்னால் குதித்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் போல்ட்டைத் திறந்து கூட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். 210 கஜத்தில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

உதைப்பைக் கணக்கில் சொல்வதென்றால், எட்டுப் பவுண்டு எடையுள்ள துப்பாக்கியில் .30-06 ஏறத்தாழ 20 அடி-பவுண்டு ஆற்றலோடு தோளில் இடிக்கும்; .300 மேக்னம் 26 முதல் 30 வரை, 6.5 கிரீட்மூர் 12 அல்லது 13. தாளில் இவை சிறிய வேறுபாடுகளாகத் தெரியும். நடைமுறையில் நான் .300-ஐ ஒரு நாளில் எட்டுத் தோட்டாக்களுக்கு மேல் சுட விரும்பியதில்லை, சுடாததால் பழகவில்லை, பழகாததால் பயந்தேன். பெரிய மனிதர்கள் பலர் இதைச் சிரமமில்லாமல் சுடுகிறார்கள் என்பது உண்மைதான். நான் 68 கிலோ.

நான்காம் பருவத்தில் இன்னொரு பாடம் கிடைத்தது. 2016 அக்டோபர் கடைசியில், விழுந்த மரங்களுக்கிடையே அறுபது கஜத்தில் ஓர் ஆண் எல்க் எதிர்ப்பட்டது. முன்தோளின் மூட்டில் குண்டு பட்டது. விலங்கு தடுமாறியதே தவிர விழவில்லை, இரண்டாவது தோட்டாதான் முடித்தது. தோலுரிக்கும்போது முதல் குண்டின் மீதியை எடுத்தேன்: கிழிந்த செம்புறை, அதில் ஒட்டிய ஈயத் துணுக்கு. வீட்டில் நகை எடைபார்க்கும் சிறிய தராசில் வைத்தபோது 4.6 கிராம் காட்டியது. 180 கிரெய்னில் எஞ்சியது 71. மீதமெல்லாம் தோள் இறைச்சியில் பொடிப்பொடியாகச் சிதறி, இரண்டு கிலோவுக்கு மேல் கருஞ்சிவப்புக் கூழாகி வீணாயிற்று. சாதாரண மென்முனைக் குண்டை அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு வேகத்தில் எலும்பில் மோதவிட்டால் உடைவது இயல்பே. இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஜான் நோஸ்லர் என்பவர் 1946-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்னும் மிகப் பெரிய மானை வேட்டையாடியபோது இதே தொல்லைக்கு ஆளாகித்தான், குண்டின் நடுவே ஒரு தடுப்புச் சுவர் வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி முழுதாக உள்ளே செல்லும்படி பார்ட்டிஷன் குண்டை வடிவமைத்தார். எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தீர்த்து வைத்த பிரச்சினையை நான் இரண்டு கிலோ இறைச்சி கொடுத்துக் கற்றேன்.

2017-இல் .300-ஐ விற்று .30-06 வாங்கினேன். பெயரில் இருக்கும் 06 என்பது, அமெரிக்க இராணுவம் அதை ஏற்றுக்கொண்ட 1906-ஐக் குறிக்கிறது. 180 கிரெய்ன் குண்டை 2700 அடி வேகத்தில் அனுப்பும். 200 கஜத்தில் குறி சரிசெய்து வைத்தால், 300 கஜத்தில் இது எட்டங்குலத்துக்குச் சற்று மேல் தாழும்; .300 மேக்னம் ஏழங்குலம் தாழும். அந்த ஓர் அங்குலச் சொச்சத்துக்காகத்தான் நான் நான்கு வருடம் தோளைக் கொடுத்தேன். பத்தாயிரம் அடி உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் இரண்டுமே இன்னும் குறைவாகவே தாழும். இந்தப் பன்னிரண்டு பருவங்களில் நான் சுட்ட எல்க் எதுவும் அறுபது கஜத்துக்குக் கிட்டவோ 280 கஜத்துக்கு அப்பாலோ இருந்ததில்லை.

துப்பாக்கியோடு குண்டையும் மாற்றினேன். இப்போது பயன்படுத்துவது ஈயமே இல்லாத, முழுவதும் தாமிரத்தால் ஆன 168 கிரெய்ன் பார்ன்ஸ் நிறுவனக் குண்டு. 2018-இல் 240 கஜத்தில் சற்றே என்னை நோக்கித் திரும்பி நின்ற ஆண் எல்க்கின் தோள் முனையில் அது நுழைந்து, எலும்பை உடைத்து, நுரையீரல் இரண்டையும் கடந்து, எதிர்ப்பக்கக் கடைசி விலாவின் தோலுக்கடியில் நின்றிருந்தது. விரல் நுனியில் உருண்டையாகத் தட்டுப்பட்டதைக் கீறி எடுத்தேன். நான்கு இதழ் விரிந்த தாமிரப் பூ. அதே தராசில் 10.8 கிராம், ஏறத்தாழ ஒரு கிரெய்ன்தான் குறைந்திருந்தது. பழைய துணுக்கும் இந்தப் பூவும் இன்றும் என் மேசை இழுப்பறையில் ஒரே டப்பாவில் கிடக்கின்றன, கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் திறந்து காட்டுகிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. தாமிரம் ஈயத்தைவிட இலேசானது என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிறது. எல்லாக் குழலும் அதை ஒரே மாதிரி ஏற்றுக்கொள்வதில்லை. என் துப்பாக்கிக்கு ஒத்துவரும் தோட்டாவைக் கண்டுபிடிக்க மூன்று வகைப் பெட்டிகளுக்குச் செலவழித்தேன், இருபது தோட்டாப் பெட்டி ஒன்று அறுபது டாலர் என்னும்போது அது சிறிய தொகையல்ல. வேகம் மிகவும் குறைந்தால் இதழ்கள் விரியாது என்பதால் தொலைதூரச் சுடுதலுக்கு இது ஏற்றதன்று. நுரையீரலில் மட்டும் பட்ட விலங்குகள் ஐம்பது அறுபது அடியாவது நடந்த பிறகே விழுந்தன. ஆனால் இறைச்சி சேதம் வெகுவாகக் குறைந்தது. இன்னொரு காரணமும் உண்டு. 2008-இல் வட டகோட்டாவில், ஏழைகளுக்கு நன்கொடையாகக் கொடுக்கப்பட்ட மானிறைச்சியில் ஈயத் துகள்கள் இருந்ததால், அதை விநியோகிக்க வேண்டாமென்று அம்மாநிலச் சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் ஈயக் குண்டுடன் வேட்டையாடுவதையே முழுதாகத் தடைசெய்துவிட்டது. எங்கள் வீட்டில் குளிர்காலம் முழுதும் எல்க் உப்புக்கண்டத்தைப் பிள்ளைகள் வறுத்துத் தின்கிறார்கள். அறுபது டாலர் பெரிதாகத் தெரியவில்லை.

6.5 கிரீட்மூரைப் பற்றி என் எண்ணம் மாறியது மனைவியால்தான். 2007-இல் ஹார்னடி நிறுவனம் இலக்குச் சுடுதலுக்காக வடிவமைத்த தோட்டா. 143 கிரெய்ன் குண்டு, 2700 அடி வேகம். எல்க்குக்கு இது போதாது என்று நான் வாதிட்டேன். ஸ்காண்டிநேவியாவில் இதன் மூத்த உறவான 6.5×55-ஐக் கொண்டு தலைமுறை தலைமுறையாக மூஸ் வேட்டையாடி வருகிறார்கள் என்று அவர் படித்துக் காட்டினார். ஆறு பருவங்களில் நான்கு பெண் எல்க், ஒவ்வொன்றுக்கும் ஒரே தோட்டா. ஆனால் அவர் தனக்கென இரண்டு விதி வைத்திருக்கிறார்: 250 கஜத்துக்கு மேல் இல்லை, விலங்கு முழுப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். 2021-இல் நல்ல கொம்புள்ள ஆண் எல்க் ஒன்று பாதி திரும்பியபடி நெடுநேரம் நின்றும் அவர் சுடவில்லை. கூடாரத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் முணுமுணுத்தபோது, "அது சரியாத் திரும்பவே இல்லைங்க, அதான்" என்றார். அதே கோணத்தில் நான் .30-06 தாமிரக் குண்டுடன் இருந்திருந்தால் சுட்டிருப்பேன், தவறென்றும் நினைத்திருக்க மாட்டேன். இந்த இரண்டு தோட்டாக்களுக்கும் உள்ள உண்மையான இடைவெளி அந்தக் கோணத்தில்தான் இருக்கிறது. காத்திருக்கத் தெரிந்தவருக்குக் கிரீட்மூர் போதும்.

மற்றவை குறித்துச் சுருக்கமாக. 1925-இல் வந்த .270 வின்செஸ்டரை வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானர் புகழ்ந்தெழுதியதும், இன்னொரு வேட்டை எழுத்தாளர் எல்மர் கீத் கனமான பெரிய குண்டுதான் வேண்டும் என்று எதிர்த்தெழுதியதும் அமெரிக்க வேட்டைக்காரர்களின் பழைய பட்டிமன்றம். நல்ல குண்டு போட்டால் .270-உம் .30-06-உம் ஒரே வேலையைச் செய்கின்றன. 2022-இல் வந்த 7 மி.மீ. பி.ஆர்.சி.-ஐ இரண்டு முறை சுடுதளத்தில் சுட்டேன். அருமையானது, ஆனால் உதைப்பில் எனக்குப் பழைய நினைவு வந்தது.

கிடைப்பதும் ஒரு தகுதிதான். 2020, 2021-இல் நாடெங்கும் தோட்டாத் தட்டுப்பாடு இருந்தபோது மனைவியின் தோட்டாவுக்காக நான்கு ஊர் அலைந்தோம். 2022-இல் நானே பெட்டியைச் சாப்பாட்டு மேசை மேல் மறந்து வைத்துவிட்டு, நான்கு மணி நேரம் ஓட்டி மலையடிவாரம் போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்த ஆணி, கயிறு, கோழித்தீவனம் விற்கும் கடையில் .30-06 மூன்று வகை இருந்தது. வாங்கியது வேறு குண்டு என்பதால் நூறு கஜத்தில் இரண்டரை அங்குலம் கீழே பட்டது. ஒரு காலை முழுதும் குறியைத் திருத்துவதில் போயிற்று. இருந்தாலும் பருவம் போகவில்லை.

என் .300-ஐ வாங்கிக்கொண்டவர் வேறு யாருமல்லர், வெற்றுக் கூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட அதே பெரியவர்தான். சென்ற ஆண்டுப் பருவம் முடிந்து திரும்பியபோது, அதன் குழல்முனையில் உதைப்பைக் குறைக்கும் மசில் பிரேக் பொருத்தக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.