டி.டி.கே. மருத்துவமனை, இந்திரா நகர்: வீட்டாருக்கும் சேர்த்துச் சிகிச்சை

சென்னை அடையாறை ஒட்டிய இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனையில் குடிப்பழக்கத்துக்கும் மற்ற போதைப் பழக்கங்களுக்கும் சிகிச்சை அளிக்கிறார்கள். மதுவோடு வலி மாத்திரைகளுக்கும் அடிமையாகிவிட்ட என் தம்பி அங்கே உள்நோயாளியாகச் சேர்ந்தபோது, அம்மாவும் நானும் குடும்பத்தினருக்கான நிகழ்ச்சியில் கலந்துகொண்டோம். இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்த நிகழ்ச்சியைப் பற்றியது. போதை மீட்பு மையம் தேடி அலைகிறவர்கள் அறை எப்படி, சாப்பாடு எப்படி, எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று விசாரிக்கிறார்கள். அவையெல்லாம் தேவையான கேள்விகளே. ஆயினும் ‘வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன செய்கிறீர்கள்?’ என்ற கேள்வியை அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு உருப்படியான பதில் சொல்லாத இடத்தில் நம் பிள்ளையைச் சேர்ப்பதில் பெரிய பயன் இல்லை.

இந்த மருத்துவமனை ஒரு குடும்பத்தின் துயரத்திலிருந்து பிறந்தது. குடிநோயால் கணவரை 1979-இல் இழந்த சாந்தி ரங்கநாதன், அவர் பெயரிலேயே, இந்த மருத்துவமனையை நடத்தும் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையை 1980-இல் தொடங்கினார். குடிப்பவரை ஒழுக்கம் கெட்டவராக மட்டுமே ஊர் பார்த்த காலம் அது. குடி ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு என்று சொல்லி, அதற்கென்றே தனி மருத்துவமனை நடத்துவதற்கு மிகுந்த துணிவு வேண்டியிருந்திருக்கும். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பக்கத்தில் இருந்து பார்த்துத் தவித்த ஒரு மனைவி உருவாக்கிய இடம் என்பதால்தான் வீட்டாரின் பாடு இங்கே முதலிலிருந்தே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது என்று நினைக்கிறேன்.

இங்கே வருவதற்கு முன் நாங்கள் தொலைபேசியில் விசாரித்த இடங்களுள் ஒன்று நகருக்கு வெளியே இருந்த ஒரு தனியார் இல்லம். அங்கிருந்து பேசியவர் தம்பியின் வயதையும் முகவரியையும் கேட்டுவிட்டு, ‘ராத்திரி வண்டி அனுப்புறோம், நாலு பசங்க வந்து தூக்கிட்டு வந்துருவாங்க, நீங்க கேட்டை மட்டும் திறந்து வைங்க’ என்றார். எந்த மருத்துவர் பார்ப்பார் என்று கேட்டதற்குத் தெளிவான பதில் வரவில்லை. முதல் சில வாரங்கள் வீட்டார் பேசவே கூடாது என்பது மட்டும் தெளிவாகச் சொல்லப்பட்டது. களைத்துப்போன குடும்பங்களுக்கு இந்தப் பேச்சு ஆறுதலாகக்கூடத் தோன்றும் என்பதை நான் அறிவேன். ஆனால் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்திற்குள் வருகின்றன. அந்தச் சட்டத்தின்படி இத்தகைய நிலையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது. தானாக முடிவெடுக்க இயலாத அளவுக்கு ஒருவரின் நிலை மோசமாக இருந்து, பிறர் துணையோடு சேர்க்கப்பட்டால்கூட, அதற்கு மருத்துவ மதிப்பீடும் முப்பது நாள் என்ற முதல் வரம்பும் உண்டு. ஆள் வைத்துத் தூக்கிச் செல்வது இதில் எங்கும் இல்லை. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் இடத்தை விட்டுவிடுங்கள்.

போலீசுக்குப் பயந்தும் பலர் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள். தம்பிக்கும் அந்தப் பயம் இருந்தது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைப்பொருளைப் பயன்படுத்தியதாகவோ சிறிய அளவு தொடர்பான குற்றத்திற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட, போதைக்கு அடிமையான ஒருவர் தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. இதைத் தம்பிக்கு எடுத்துச் சொன்ன பிறகே அவன் மருத்துவமனை என்ற சொல்லைக் காது கொடுத்துக் கேட்டான்.

வரமாட்டேன் என்பவரை எப்படி வரவழைப்பது என்பதே எல்லா வீடுகளின் கேள்வி. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் நடந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகிறது. சிகிச்சைக்கு மறுத்த குடிநோயாளிகளின் வீட்டாரை மூன்று பிரிவாக்கி, வெவ்வேறு வழியில் பயிற்சி கொடுத்தார்கள். உறவினர் எல்லோரும் கூடி உட்கார்ந்து நேருக்கு நேர் குற்றம் உணர்த்தும் வழியில் 30 விழுக்காட்டினரின் உறவினர்கள் சிகிச்சைக்கு வந்தார்கள். குடிக்காத நேரத்தில் அன்பாகப் பேசுவது, குடித்திருக்கும்போது விலகியிருப்பது, குடியின் விளைவுகளைத் தாங்களே சுமக்காமல் விடுவது, மனம் இளகும் தருணத்தில் சிகிச்சையை முன்வைப்பது ஆகியவற்றைக் கற்ற வீடுகளில் அது 64 விழுக்காடாக இருந்தது. குடிநோயாளிகளின் வீட்டார் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அல்-அனான் என்ற குழுவின் வழியைப் பின்பற்றிய பிரிவில் 13 விழுக்காடு. நோயாளியை அழைத்து வருவது அல்-அனானின் நோக்கம் அல்ல என்பதால் அதைக் குறையாகச் சொல்லக் கூடாது. எங்கள் வீட்டில் தம்பி ஒப்புக்கொண்டது ஒரு காலை நேரத்தில். முந்தின இரவு கீழே விழுந்து நெற்றியில் பட்ட காயத்திற்கு அம்மா மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தபோது. ‘ஒரு தடவை டாக்டரைப் பாத்துட்டு வரலாம்டா’ என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. நேரம் பார்த்துச் சொன்னதுதான் உதவியது.

மருத்துவமனையில் முதல் கட்டம் உடலிலிருந்து போதையை இறக்குவது. இதை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். நெடுநாளாக மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை நடுக்கமும் இல்லாததைக் காண்பதுமாகிய கடும் குழப்ப நிலை ஏற்படலாம். அது உயிரையும் பறிக்கும். அபின் வகை வலி மாத்திரைகளை நிறுத்தினால் ஓயாத கொட்டாவி, மூக்கில் நீர், மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் குடைவது போன்ற வலி என்று ஆளை வாட்டிவிடும். தம்பிக்கு இரண்டும் சேர்ந்திருந்தன. அந்த நாள்களில் அவனைக் கண்காணித்த செவிலியர் அவனைத் திட்டாமல், பெயர் சொல்லி அழைத்து, ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு என்று சொல்லிக் கொடுத்தார். வீட்டில் அவன் பெயரைச் சத்தமில்லாமல் நாங்கள் கூப்பிட்டு நெடுங்காலம் ஆகியிருந்தது.

உடல் தேறிய பிறகு நோயாளிகளுக்கு விளக்க வகுப்புகள், குழுக் கலந்துரையாடல், தனி ஆலோசனை என்று சிகிச்சை தொடர்கிறது. மொத்தத்தில் ஏறக்குறைய ஒரு மாதம். இதே காலத்தில் வீட்டாருக்கு இரண்டு வார நிகழ்ச்சி நடக்கிறது. அதில் மனைவிமார் இருந்தார்கள், பெற்றோர் இருந்தார்கள், அப்பாவுக்காக வந்திருந்த ஒரு கல்லூரி மாணவியும் இருந்தாள். பேச்சைத் தொடங்கிவைத்த ஆலோசகர் நோயாளியைப் பற்றிக் கேட்கவில்லை. ‘நீங்க கடைசியா எப்ப நிம்மதியா தூங்குனீங்க?’ என்று கேட்டார். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள்: வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும் வரை கண் மூடாதது, பையைச் சோதிப்பது, சொந்தக்காரர் கல்யாணத்திற்குப் போகாமல் சாக்குச் சொல்வது, பள்ளியில் பிள்ளைகளிடம் அப்பாவின் வேலையைப் பற்றிப் பொய் சொல்லச் சொல்வது.

அம்மாவின் முறை வந்தபோது, தன் வளையல்களை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருப்பதைச் சொன்னார். தம்பியின் பைக் தவணைக்காகவும் கைமாற்றுக் கடன்களுக்காகவும் அவற்றுள் இரண்டை ஏற்கெனவே அடகு வைத்துவிட்டதையும் சொன்னார். இரண்டாவது செய்தி எனக்கே அன்றுதான் தெரியும். ஆலோசகர் அவரைக் குறை சொல்லவில்லை. ‘அம்மா, அவர் கடனை நீங்க அடைக்கறது பாசத்துலதான். ஆனா அடுத்த கடனுக்கு வழி திறக்கறதும் அதுதான். சாப்பாடு போடுங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட வாங்க, கடனை மட்டும் அவரே பாக்கட்டும்’ என்றார். இதே கருத்தை நாங்கள் பலமுறை கத்திச் சொல்லியிருக்கிறோம், அம்மா ஏற்றதில்லை. தன்னைப் போன்ற பிற தாய்மார் தலையாட்டுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டபோது அவர் மனத்தில் அது இறங்கியது. ஆலோசகரின் திறமைக்கு நிகராக அந்தக் குழுவுக்கும் இதில் பங்கு உண்டு. தனக்கு மட்டும் நேர்ந்த அவமானம் என்று மூடி வைத்திருந்ததைப் பத்துப் பேர் தங்கள் வீட்டுக் கதையாகச் சொல்லக் கேட்பதே ஒரு மருந்து.

அங்கே பேசப்பட்டவற்றில் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அவசியம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. ‘குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்’ என்ற விளம்பரத்தைச் சுவரிலும் பேருந்திலும் பார்க்காதவர் இருக்க முடியாது. அப்படிப்பட்ட பொடிகளில் என்ன இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. மருத்துவர்கள் சில நோயாளிகளுக்குக் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். ஆகவே அதை நோயாளியின் ஒப்புதலோடும் இதயம், கல்லீரல் பரிசோதனைக்குப் பிறகுமே கொடுக்கிறார்கள். தெரியாமல் கலந்து கொடுப்பது பாசத்தால் செய்யும் காரியமாக இருந்தாலும் விஷம் வைப்பதற்கு ஒப்பானது.

வீடு திரும்பும் நாளை முடிவாக நினைக்கக் கூடாது என்பதும் வற்புறுத்திச் சொல்லப்பட்டது. மீண்டும் போதைக்குத் திரும்புவோர் 40 முதல் 60 விழுக்காடு என்று அமெரிக்க தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் கூறுகிறது. இரத்த அழுத்தத்திற்கும் ஆஸ்துமாவுக்கும் மருந்தை விட்டுவிட்டு மீண்டும் நோயில் விழுவோரின் அளவும் இதற்குக் குறைந்ததில்லை. அபின் வகை மருந்துகளில் இன்னொரு பெரிய ஆபத்து இருக்கிறது. சில வாரங்கள் நிறுத்திய பின் உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடுவதால், பழைய அளவையே ஒருவர் மீண்டும் எடுத்தால் மூச்சு நின்று இறக்கக்கூடும். வீடு வந்த முதல் மாதங்களில் குடும்பம் விழிப்போடு இருக்க வேண்டியதற்கு இதுவே முதல் காரணம். தம்பி குறித்த நாள்களில் ஆலோசகரைப் பார்த்து வருகிறான். இடையில் ஒருமுறை சறுக்கினான். அன்று அம்மா அழவில்லை, பணமும் கொடுக்கவில்லை. மறுநாள் காலை அவனோடு பேருந்தில் ஏறி இந்திரா நகருக்குப் போனார்.

இந்தச் சேவையின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். ஒரு மாத உள்நோயாளிச் சிகிச்சையும் வீட்டாருக்கு இரண்டு வாரமும் என்பது நாள்கூலி வாங்கும் குடும்பத்திற்கு மிகக் கடினம். வெளியூர்க்காரருக்குத் தங்கும் செலவும் சேரும். இதே நிறுவனம் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடி போன்ற கிராமப் பகுதிகளில் சிகிச்சை முகாம்கள் நடத்தி வந்திருப்பதால், அத்தகைய முகாம் பக்கத்தில் எப்போது என்று விசாரிக்கலாம். கட்டணத்தை நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வதே சரி. பணவசதி இல்லாதவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது; தமிழ்நாடு அரசு 2025-இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. ஊசி வழியே போதை ஏற்றும் பழக்கம் உள்ளவர்கள் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி சி (ஹெபடைடிஸ் சி) ஆகியவற்றுக்கான பரிசோதனையையும் கட்டாயம் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் கட்டணமில்லாத 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணையோ, 14416 என்ற டெலி-மனஸ் மனநல உதவி எண்ணையோ அழைக்கலாம். இரண்டிலும் வீட்டாரே பேசலாம். நோயாளி ஒப்புக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவமனைக்குப் போகும்போது அவர் இப்போது எடுத்துவரும் மாத்திரைகளின் காலி அட்டைகளையும், கடைசியாகக் குடித்த அல்லது போட்ட நேரத்தையும், முன்பு வலிப்பு வந்ததுண்டா என்ற விவரத்தையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். சேர்க்கையின்போது மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகள் அவைதான்.